உருளியில் அடைகாத்த வாத்து

எங்கள் வீட்டுக்கு வாத்து வந்ததற்குக் காரணம் என் மாமனாரின் திவசம். சிரிக்க வேண்டாம், ஒழுங்காகச் சொல்கிறேன்.

செம்பூரில் எங்கள் சந்தில் மிச்சமிருக்கும் ஒரே ஓட்டு வீடு எங்களுடையது. இரண்டு பக்கமும் லிஃப்ட் வைத்த கட்டடங்கள். நடுவில் மாமனார் அந்தக் காலத்தில் வாங்கிப் போட்ட மனை, ஒரு கிணறு, ஒரு பலா, நாலு தென்னை. பால்கனியில் நின்று பல் தேய்ப்பவர்களுக்கு நாங்கள் இலவச டிவி. ரயில்வே ஆபீஸிலிருந்து ரிடையரான என் கணவர் அந்த மண்ணில் காய்கறி போட ஆரம்பித்தார். கண்ட காய்கறி இல்லை. திவசத்துக்கு ஆகும் காய் மட்டும். கோஸும் கேரட்டும் தக்காளியும் பிதுர்களுக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். அதனால் பாகல், புடலை, அவரை, வாழை, சேம்பு, துவையலுக்குப் பிரண்டை. எல்லாம் மாடுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும் என்று நான் சொன்னால் அவருக்குக் காது கேட்காது.

"அண்ணா வரார் இல்லையா? ஆத்துல வெளஞ்சதா இருக்கட்டுமே" என்பார்.

அண்ணா என்றால் அவருடைய சொந்த அண்ணா. மாடுங்காவில் ஃப்ளாட்டில் இருக்கிறார். மாடுங்காவுக்கும் செம்பூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது? குர்லாவில் வண்டி மாறினால் வந்துவிடலாம். ஆனால் அம்மா திவசத்துக்கு நாங்கள் அங்கே போவோம், ஆவணியில் அப்பா திவசத்துக்கு அவர்கள் இங்கே வருவார்கள், அவ்வளவுதான் போக்குவரத்து. நடுவில் போன்கூடக் கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் திட்டுவதற்காவது போன் பண்ணியிருப்பார்கள்.

இரண்டு வருஷமாக அண்ணா ஒரு பேச்சு எடுத்துக்கொண்டிருந்தார். மாடுங்காவிலேயே ஓர் இடத்தில் ஹால், சமையல், சாஸ்திரிகள் எல்லாம் சேர்த்து ஏற்பாடு பண்ணித் தருகிறார்களாம், இரண்டு திவசத்தையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாமாம். அவருக்கு முழங்கால் வலி. உண்மையைச் சொன்னால் எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஈரப்புடவையோடு அடுப்படியில் நின்று இடுப்பு ஒடிகிறவள் நான்தானே? ஆனால் அந்தப் பேச்சு வந்தபோது என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அண்ணா இந்த வீட்டுக்கு வரும் அந்த ஒரு நாளும் போய்விடும் என்பது அவருடைய பயம். அதை அவர் வாயால் சொல்லவில்லை. போய்ப் பாகல் கொடிக்குப் பந்தல் கட்டினார்.

அந்த மழைக்கு நத்தைகள் வந்தன. உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொன்றும். காலையில் எழுந்து பார்த்தால் புடலைக் கன்று இருந்த இடத்தில் காம்பு மட்டும் நிற்கும். உப்பைப் போட்டால் செத்துப்போகும் என்று பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் சொன்னான். என் கணவர் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போவார், நத்தை முன்னால் குந்துவார், அது கொம்பை நீட்டி அவரைப் பார்க்கும், உப்பு டப்பாவோடு திரும்பி வந்துவிடுவார். அப்பா திவசத்துக்காகப் போட்ட செடி, அதற்காக ஓர் உயிரைக் கொல்வதா என்பார். ஒரு வாளியில் நத்தைகளைப் பொறுக்கிக்கொண்டு போய் நாலு தெரு தள்ளி முனிசிபல் பார்க்கில் விட்டுவிட்டு வருவார். மறுநாள் வேறு நத்தைகள் வரும். அவர் அதே நத்தைகள்தான் நடந்து வந்துவிட்டன என்று சாதித்தார்.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள், வாத்து நத்தையைத் தின்னும் என்று. அவர் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்! வாத்து தின்றால் அது வாத்தின் தர்மம், நமக்குப் பாவம் இல்லை. அடியாள் வைத்துக் காரியம் முடிப்பவர்களும் இப்படித்தான் மனசைச் சமாதானப்படுத்திக்கொள்வார்கள் என்றேன். அதற்கும் காது கேட்கவில்லை. ஐரோலியில் கழிமுகத்துப் பக்கம் வாத்து வளர்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, இரண்டு பெட்டையும் ஓர் ஆணுமாக மணிலா வாத்து மூன்றைக் காய்கறிப் பையில் போட்டு, லோக்கல் ரயிலில் லக்கேஜ் பெட்டியில் ஏறி வந்து சேர்ந்தார். வழியெல்லாம் ஆண் வாத்து பையிலிருந்து தலையை நீட்டி, மீன்கூடைக்காரி ஒருத்தியின் கூடையையே பார்த்துக்கொண்டு வந்ததாம். முட்டைகூடப் படியேறாத எங்கள் வீட்டில் இப்படியாகப் பறவை வளர்ப்பு ஆரம்பித்தது.

நத்தைகளை அவை ஒரு வாரத்தில் ஒழித்தன. மறுத்துச் சொல்வதற்கில்லை. அதற்குப் பிறகு கீரையை ஒழித்தன. அவரைக் கன்றை மிதித்தன. தலைவலி போய்த் திருகுவலி வந்தது. காலையில் நான் வாசலில் அரிசி மாவில் புள்ளி வைத்துக்கொண்டே போவேன், பின்னாலேயே ஆண் வாத்து புள்ளியைத் தின்றுகொண்டே வரும். கோலத்தை முடித்து நிமிர்ந்தால் ஈரத்தரைதான் இருக்கும். மணிலா வாத்து கத்தாது, பாம்பு மாதிரி சீறும். கொல்லைக் கதவைத் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் முதல் தடவை அலறிய அலறலில் மூன்றாவது மாடிவரை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மணிலா வாத்து பறக்கும் என்பதை ஐரோலிக்காரர் சொல்லவில்லை. ஒரு நாள் ஆண் வாத்து கிளம்பி, பக்கத்துக் கட்டடத்தில் இரண்டாவது மாடி பால்கனியில் போய் இறங்கி, காயப்போட்டிருந்த அப்பளத்தைத் தின்றுவிட்டது. நான்தான் போய் மன்னிப்புக் கேட்டு, துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன். லிஃப்டில் டை கட்டிய ஒரு பையன் என்னையும் வாத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, காட்டேகா க்யா?" என்று கேட்டான். கடிக்குமா என்று கேட்டது வாத்தைப் பற்றித்தானா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

பிறகு முட்டை. பெட்டைகள் இட ஆரம்பித்தன. தின்ன நாங்கள் ஆளில்லை. விற்பது பாவம், எறிவது அதைவிடப் பாவம். வீட்டு வேலைக்கு வரும் மராத்தி அம்மாளை எல்லோரையும் போல நாங்களும் மௌஷி என்றுதான் கூப்பிடுகிறோம். அவள் தினமும் போகும்போது கொல்லைப் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவாள், போகும்போது முந்தானை முடிச்சு கனமாக இருக்கும். என் கணவர் அந்த நேரம் பார்த்துப் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். முட்டை விஷயத்தில் எங்கள் வீட்டுச் சாஸ்திரம் அதுதான்.

ஆனால் ஒரு பெட்டை மௌஷியை ஏமாற்றிவிட்டது. ஆடியில் பதினைந்து நாளாக அதைக் காணவில்லை. பூனை கொண்டுபோய்விட்டது என்று என் கணவர் சோறு இறங்காமல் இருந்தார். ஒரு நாள் பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நார் எடுக்கப் பின்கட்டுச் சாமான் அறைக்குப் போனேன். நாரைப் போட்டு வைத்திருந்த உருளியிலிருந்து சீறல் வந்தது. உள்ளே அந்தப் பெட்டை அமர்ந்திருந்தது. தன் நெஞ்சு ரோமத்தைத் தானே பிய்த்துச் சுற்றிலும் மெத்தை போட்டிருந்தது. அடியில் முட்டைகள்.

அந்த உருளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமியார் கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த வெண்கல உருளி. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். அண்ணா வந்ததும் முதல் நாள் சாயங்காலம் அண்ணனும் தம்பியுமாக அதைக் கிணற்றடிக்குத் தூக்கிவந்து புளி போட்டுத் தேய்ப்பார்கள், மறுநாள் திவசத்துப் பாயசம் அதில்தான். வருஷத்தில் ஒரே நாள் உபயோகம். மிச்ச நாளெல்லாம் சும்மா கிடக்கிறதே என்று நாரைப் போட்டு வைத்தது நான்தான்.

என் கணவர் ஐரோலிக்குப் போன் பண்ணினார். மணிலா வாத்து ஒரு மாதத்துக்கு மேல் அடை உட்காரும், இடத்தை மாற்றினால் எழுந்து போய்விடும், அப்புறம் உள்ளே இருப்பது அவ்வளவும் செத்துப்போகும் என்றார் அந்த மனிதர். நான் காலண்டரைப் பார்த்தேன். திவசம் அதற்குள் வந்துவிடும்.

திவசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணாவும் மன்னியும் வந்தார்கள். கால் கழுவிய ஈரம் காயுமுன் அண்ணா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாடா, உருளியத் தேச்சுடலாம்" என்று பின்கட்டுக்குப் போனார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் சாமான் அறையில் சீறல், பிறகு ஒரு தகரம் விழுந்த சத்தம். அண்ணா முழங்கால் வலி இல்லாத ஆளாக வெளியே வந்தார்.

"க்யா ஹை யே? அம்மா உருளில என்னடா அது?"

"வாத்து, அண்ணா."

"வாத்துன்னு தெரியறது. அங்க என்ன பண்றது?"

"அடை காக்கறது."

அண்ணாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். திவசத்தன்று கோழி கண்ணில் பட்டாலே பிதுர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், இங்கே பாத்திரத்துக்குள்ளேயே உட்கார்த்தி வைத்திருக்கிறாயே என்றார். அதைத் தூக்கி வெளியே விடு, பாத்திரத்தைத் தணலில் காட்டிப் புளி போட்டுத் தேய்த்துச் சுத்தம் பண்ணிக்கொள்ளலாம் என்றார்.

என் கணவர் உள்ளே போனார். போனவர் வரவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். உருளிக்கு முன்னால் குந்தியிருந்தார், நத்தை முன்னால் குந்தியது போலவே. வாத்து அவரைச் சீறவில்லை. கையை அடியில் கொடுத்துப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது, கையில் பஞ்சு மாதிரி ரோமம் ஒட்டியிருந்தது.

வெளியே வந்து, "என்னால முடியலை அண்ணா. நெஞ்சு ரோமத்தப் பிச்சுப் போட்டுண்டு உக்காந்துண்டிருக்கா. உள்ள எல்லாம் உயிர் வந்துடுத்து. அப்பா திவசத்துக்காக அதக் கொல்ல எனக்குத் தைரியம் இல்லை" என்றார்.

அண்ணா மடித்துக் கட்டிய வேஷ்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டார்.

"சரி. நாளைக்கு எப்படியாவது முடிச்சுடலாம். அடுத்த வருஷத்துலேர்ந்து மாடுங்காலயே வெச்சுக்கலாம். நீ உன் வாத்தப் பாத்துக்கோ."

என் கணவர் தலையை ஆட்டினார். அறுபது வயது தாண்டிய மனிதர், திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். அந்த வாத்துகளை ஒரு நாளும் எனக்குப் பிடித்ததில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் யாராவது உருளியில் கை வைத்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

"அண்ணா, நாளைக்குச் சமைக்கப்போறது நான். வெண்கலப் பானை இருக்கு, பாயசம் அதுல வெக்கறேன்" என்றேன். அவரிடம் நான் அப்படிக் குரலெடுத்துப் பேசியதே இல்லை.

அதுவரை பேசாமல் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மன்னி, தலையை நிமிர்த்தாமலேயே, "நம்மாத்துல அம்மா திவசத்துக்கு நான் குக்கர்லதான் பாயசம் வெக்கறேன். இத்தனை வருஷமா சாப்டறேளே, ஏதாவது தெரிஞ்சுதா?" என்றாள்.

மறுநாள் காலை சாஸ்திரிகள் ரெயின்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அண்ணா முதல் காரியமாக வழக்கை அவரிடம் கொண்டுபோனார். சாஸ்திரிகளுக்கு அடுத்த திவசம் சுனாபட்டியில், மழை வேறு வலுத்துக்கொண்டிருந்தது.

"கோழி கூடாதும்பா. வாத்தப் பத்தி நான் ஒண்ணும் கேள்விப்பட்டதில்லை. அது பின்கட்டுல இருக்கட்டும், நாம முன்கட்டுல இருக்கலாம். சலோ, உக்காருங்கோ, நாழியாறது" என்றார்.

காரியங்கள் நடந்தன. ஹோமம், பிராமணர்களுக்குச் சாப்பாடு எல்லாம் ஆயிற்று. கணவர் விளைவித்த பாகற்காயில் நாலுதான் நத்தைக்கும் வாத்துக்கும் தப்பியிருந்தது, அதைப் பொடியாக நறுக்கி ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகப் பரிமாறினேன். அண்ணாவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசில்லை. கடைசித் தடவை என்று முடிவு பண்ணிவிட்ட மனிதர் ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வார்? வழக்கத்தைவிட நிதானமாகச் செய்தார்.

பிண்டத்தைக் கொல்லை மதில்மேல் வைத்தார்கள். காக்காய் வந்து எடுத்தால்தான் அப்பா வந்து சாப்பிட்டதாக அர்த்தம், அதற்குப் பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். தூறலில் அண்ணனும் தம்பியும் ஒரே குடையில் நின்று "கா, கா" என்று கூப்பிட்டார்கள். எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகள்மேல் நாலைந்து காக்காய்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. இறங்கப் பார்த்த ஒன்றும் பாதியில் திரும்பிவிட்டது. ஏனென்று பார்த்தால், மதிலுக்குக் கீழே ஆண் வாத்து.

அண்ணா, "பாத்தியாடா? அப்பா வரலை" என்றார். என் கணவர் குடையை அண்ணா பக்கமாகச் சாய்த்தார்.

அப்போது அந்தச் சனியன் இறக்கையை அடித்துக்கொண்டு மதில்மேல் ஏறியது. பிண்டத்தை இப்படி ஒரு தடவை அப்படி ஒரு தடவை பார்த்தது. இரண்டே வாயில் விழுங்கிவிட்டு, அலகை மதிலில் துடைத்துக்கொண்டது.

இதோடு எல்லாம் முடிந்தது, அடுத்த வருஷம் என்ன, அம்மா திவசத்துக்குக்கூட எங்களைக் கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன். சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணா வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "ஏண்டா, அப்பா எந்தக் கல்யாணத்துல ரெண்டாம் பந்தி வரைக்கும் காத்துண்டிருந்தார்?"

என் கணவர் திரும்பி அவரைப் பார்த்தார். "சயான்ல அந்தக் கல்யாணம்..."

"மாப்பிள்ளை இலையில போய் உக்காந்துட்டாரே!"

"அம்மா கையப் பிடிச்சு இழுத்தாளே!"

"பாயசம் வராம எழுந்துக்க மாட்டேன்னாரே!"

இரண்டு பேரும் குடைக்குள் நின்று சிரித்தார்கள். மன்னி அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்ன என்று கேட்டாள், பதில் சொல்லக்கூட முடியவில்லை அவர்களால். மாமனாரை நான் விறைப்பான மனிதராகத்தான் பார்த்திருக்கிறேன், படத்திலும் அப்படித்தான் இருக்கிறார். அவர் முதல் பந்திக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சாஸ்திரிகள் இன்னோர் உருண்டை அன்னம் வைக்கச் சொன்னார். இந்தத் தடவை என் கணவர் பஞ்சகச்சத்தோடு போய் வாத்தைப் பிடித்து, அது சீறச் சீற மார்போடு அணைத்துக்கொண்டு பலா மரத்தடியில் நின்றார். அண்ணா தனியாக நின்று கூப்பிட்டார். காக்காய் வந்தது. மறுபடி குளித்துவிட்டு வந்தால்தான் இலை போடுவேன் என்று என் கணவரை விரட்டினேன்.

சாயங்காலம் அவர்கள் ரிக்‌ஷாவில் ஏறும்போது அடுத்த வருஷத்தைப் பற்றி அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. என் கணவரும் கேட்கவில்லை. ரிக்‌ஷா திரும்பிய பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரை, காப்பி ஆறுகிறது என்று சொல்லித்தான் உள்ளே அழைத்தேன்.

நாலு நாள் கழித்து லேண்ட்லைன் அடித்தது. அண்ணா. குடையை அங்கே விட்டுவிட்டேனா என்று கேட்டார். விடவில்லை என்றேன். சரி என்றவர் போனை வைக்காமல், "அது இன்னும் உக்காந்துண்டுதான் இருக்கா?" என்றார். அடுத்த வாரம் ரேஷன் கார்டைப் பற்றி ஏதோ கேட்கக் கூப்பிட்டு, முடிவில் அதையே கேட்டார். மூன்றாவது தடவை சாக்கு எதுவும் சொல்லவில்லை. "பொரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

பொரிந்த அன்று காலை என் கணவர் தகவல் சொன்னார். மத்தியானம் கேட் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் அண்ணா, தனியாக, கையில் மாடுங்கா மார்க்கெட் பையில் உடைத்த கோதுமை. குர்லா ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கியது. "மன்னிக்கு ஜலதோஷம். குஞ்சு எதைத் தின்னும்னு கடைக்காரன்கிட்ட கேட்டு வாங்கிண்டு வந்தேன்" என்றார்.

பின்கட்டில் இரண்டு பேரும் உருளியின் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். மஞ்சளும் கறுப்புமாகக் குஞ்சுகள் தாயின் இறக்கைக்கடியிலிருந்து தலையை நீட்டின. அண்ணா விரலில் கோதுமையைத் தொட்டு நீட்டினார். தாய் வாத்து சீறியது. அவர் கையை எடுக்கவில்லை.

நான் காப்பி போட அடுப்படிக்கு வந்தேன். பால் பொங்கியது, டிகாக்‌ஷனை ஊற்றினேன், சர்க்கரை டப்பாவைத் திறந்தேன், ஸ்பூனோடு நின்றுவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனிதருக்கு நான் திவசச் சமையல்தான் பண்ணிப் போட்டிருக்கிறேன். அவர் காப்பியை எப்போதும் மன்னிதான் கலப்பாள். எவ்வளவு சர்க்கரை என்று எனக்குத் தெரியாது.

பின்கட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"அரை ஸ்பூன் போறும்மா" என்றார் அண்ணா, குஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.